துணி காய்ந்திருக்கட்டும், தண்ணீர் புதிதாயிருக்கட்டும்
கேளம்பாக்கத்துக் கைக்குழந்தைகளின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

கேளம்பாக்கம், படூர், தையூர், புதுப்பாக்கம் பக்கங்களில் கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி தாத்தாக்களுக்கும்:

கொஞ்ச நாளாக நம் குடியிருப்புகளில் ஒரு செய்முறை கைமாறிக்கொண்டிருக்கிறது. கிச்சன் டிஷ்யூ ரோலை இரண்டாக வெட்டி ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், கொஞ்சம் பேபி சோப்பு, கற்றாழைச் சாறு, நான்கு சொட்டு டீ ட்ரீ எண்ணெய் கலந்து அதன்மேல் ஊற்றி மூட வேண்டும். அப்புறம் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒவ்வொன்றாக உருவிப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். வீட்டிலேயே செய்த இயற்கை வைப்ஸ் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடை வைப்ஸை விட்டுவிட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் அந்த டப்பாவை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அதைவிடச் சுலபமான, செலவில்லாத, பயமில்லாத வழி நம் வீடுகளிலேயே இருக்கிறது.

முதலில் கடை வைப்ஸைப் பற்றி நியாயமாகப் பேசிவிடுவோம். அது விஷம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சிளங்குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வைப்ஸும் மறுபிரிவுக்குப் பஞ்சும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளிவந்த முடிவு, தோலின் ஈரப்பதத்தைக் காப்பதில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைவில்லை என்றது. அவசரத்துக்கு வைப்ஸ் எடுத்த அம்மா யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. அதே முடிவை மறுபக்கம் திருப்பியும் படிக்கலாம்: ஈரப்பதத்தைக் காப்பதில் வெறும் பஞ்சும் தண்ணீரும் அந்தத் தொழிற்சாலைப் பொருளுக்குச் சளைக்கவில்லை. அப்படியிருக்க மாதாமாதம் பணம் கொடுத்து வாங்குவானேன் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு எட்டு முறை மாற்றிவிடுகிறோம், முறைக்கு இரண்டு வைப்ஸ் என்றால் மாதத்துக்கு 480. வருடத்துக்கு ஐந்தாயிரத்து எண்ணூறைத் தாண்டும். பெரும்பாலான வைப்ஸ் தறியில் நெய்த துணி இல்லை. பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகளை மரக்கூழோடோ விஸ்கோஸோடோ கலந்து அழுத்திச் செய்த தாள் அது. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் நெய்யாத துணிப் பை இருந்தது. அதன் உறவுக்காரப் பொருளான வைப்ஸ் பட்டியலில் இல்லை. ஆகவே மஞ்சப்பையோடு கடைக்குப் போகிற நாமே, பிளாஸ்டிக் என்று தெரியாமல் இதை வாங்கி வருகிறோம்.

இன்னொன்று, ஈரத்தைக் கெடாமல் வைத்திருக்கச் சேர்க்கும் மருந்து. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருள் உலகெங்கும் வைப்ஸில் சேர்க்கப்பட்டு வந்தது. 2014-இல் அமெரிக்காவின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஆறு குழந்தைகளின் கதை வெளியானது. அவர்களுடைய தோல் தடிப்பு வேறு நோய் என்று எண்ணி வைத்தியம் பார்க்கப்பட்டு வந்தது. காரணம் வைப்ஸில் இருந்த இந்தப் பொருள் என்று கண்டுபிடித்து நிறுத்தியதும் குணமானார்கள். தோலில் தங்கிவிடும் அழகுப் பொருட்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017 பிப்ரவரி முதல் தடை விதித்தது. எனவே கடை வைப்ஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து, இந்தப் பெயரோ, வாசனைப் பொருளோ, ஆல்கஹாலோ இருந்தால் வைத்துவிடுங்கள்.

இனி அந்த டப்பாவுக்கு வருகிறேன்.

கடை வைப்ஸில் கெடாமலிருக்க மருந்து சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஈரமும் சூடும் ஊட்டமும் சேர்ந்த இடத்தில் கிருமி பெருகும். காகிதக் கூழும் கற்றாழைச் சாறும் கிருமிக்குத் தீனி. நம் ஊர் வெக்கையும், உப்பளக் காற்றின் பிசுபிசுப்பும் அதற்கு வாய்த்த பருவம். தண்ணீரைக் கொதிக்கவைத்தோமே என்பீர்கள். கொதித்த தண்ணீர் டப்பாவில் விழுந்த நொடி வரைதான் சுத்தம். அதன்பின் ஒவ்வொரு தடவை கை உள்ளே போகும்போதும், அதுவும் குழந்தையின் மலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் கை போகும்போது, புதிதாகக் கிருமி சேர்கிறது. தேங்காய் எண்ணெய்க்கும் நான்கு சொட்டு டீ ட்ரீ எண்ணெய்க்கும் அதைத் தடுக்கிற சக்தி கிடையாது. மேலே தெரிவது நல்ல வாசனை; கண்ணுக்குத் தெரிய எந்த மாற்றமும் இருக்காது.

மருந்து சேர்த்துத் தொழிற்சாலையில் செய்த வைப்ஸிலேயே இந்தச் சறுக்கல் நடந்திருக்கிறது. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் நியூடெக் நிறுவனம் பல பெயர்களில் விற்பனையான தன் பேபி வைப்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. சிலவற்றில் பர்கோல்டேரியா செபாசியா என்ற பாக்டீரியா இருந்ததுதான் காரணம். நல்ல உடல்நிலையில் இருப்பவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து. பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், நம் சமையலறை அலமாரியில் பதினைந்து நாள் இருக்கும் டப்பாவைப் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத, குறைப்பிரசவத்தில் பிறந்த, அல்லது தோல் சிவந்து உரிந்துபோன குழந்தையின்மேல் எப்படி நம்பி வைப்பது?

அப்படியானால் என்ன செய்யலாம்? காய்ந்த துணி, அந்தந்த நேரத்துத் தண்ணீர். இவ்வளவுதான். துணியை ஈரமாகச் சேமிக்க வேண்டாம், வேண்டும்போது நனைத்துக்கொள்வோம். ஈரம் தேங்காத இடத்தில் கிருமி பெருகாது. மருந்தும் தேவையில்லை, வாசனையும் தேவையில்லை.

வீட்டில் இருக்கும் நேரத்தில் துடைப்பதைவிடக் கழுவிவிடுவதே மேல். மலம் போன குழந்தையை இடது முன்கையில் பத்திரமாகத் தாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரை வலது கையால் விட்டுக் கழுவுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. பாட்டிமார்களே, இதை உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும், மருமகனுக்கும் கூடக் கைபிடித்துச் சொல்லிக்கொடுங்கள். தேய்க்காமல் சுத்தமாவதால் தோல் புண்ணாகாது. நடுராத்திரி, பயணம், உடம்பு சரியில்லாத நாள் ஆகிய வேளைகளுக்குத்தான் துடைக்கிற துணி வேண்டும்.

அந்தத் துணிக்கு ஒரு பழைய பருத்தி வேட்டி போதும். நான்கு முழ வேட்டியின் நீளம் எட்டுச் சாண். ஒரு சாண் சதுரமாகக் கிழித்தால் நாற்பது துண்டு தேறும். பல முறை துவைத்துக் கஞ்சி போன வேட்டி நல்லது. துவைக்கத் துவைக்க இழை மெத்தென்று ஆகியிருக்கும். கரையையும் ஜரிகையையும் நீக்கிவிடுங்கள். இப்போதைய வேட்டிகள் பலவற்றில் பாலியெஸ்டர் கலந்திருப்பதால், ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் உறையும். வேட்டி இல்லையென்றால் பருத்திப் புடவை, மல் துணி, அல்லது மருந்துக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பேண்டேஜ் துணி. அந்தப் பேண்டேஜ் துணி பெரிய அளவில் நெய்யப்படுவது ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில். நம் மாநிலத்து விசைத்தறியில் ஓடிய துணி, ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணி, குழந்தைக்கும் பொருந்தும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. துண்டுகளின் ஓரத்தைத் தையல்காரரிடம் கொடுத்து மடித்து அடித்துவிடுங்கள். பிரிந்து தொங்கும் நூல் குழந்தையின் விரலிலோ ஆணுறுப்பிலோ சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழும்போது விரல்களை ஒருமுறை பார்க்கும்படி டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

தண்ணீருக்கு நம் பகுதியில் தனியாக யோசிக்க வேண்டும். தெற்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. ஆனால் நம் அடுக்ககங்கள் பலவற்றின் குழாயில் வருவது லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும்தான். கழிமுகமும் உப்பளமும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் கிணற்று நீர் உவர்ப்பதில் ஆச்சரியமில்லை. இந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆகவே குழந்தையைத் துடைக்கக் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். அதைக் கொதிக்கவைத்து, பாதியைச் சூடாக ஃபிளாஸ்கிலும் பாதியை ஆறவைத்து மூடிய பாத்திரத்திலும் வையுங்கள். வேண்டும்போது இரண்டையும் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் கலந்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் விட்டுப் பார்த்துச் சூடு பொறுக்குமளவு ஆனபின் துணியை நனைத்துப் பிழியுங்கள். மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஃபிளாஸ்கைத் தினமும் கழுவிக் கவிழ்த்துவையுங்கள். சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

துடைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டாம். தொடை மடிப்பை விரித்துத் துடைக்க வேண்டும். பிறந்த முதல் நாட்களில் வரும் கருப்பு மலம் பசைபோல ஒட்டும். அதற்கும் காய்ந்து ஒட்டிய மலத்துக்கும், ஒரு துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மெல்ல ஒற்றினால் இளகிவரும். பிறகு ஈரத்துணியால் எடுத்துவிடலாம். எண்ணெயைச் சின்னப் பாட்டிலில் தனியாக வையுங்கள். மலம் பட்ட கை அதற்குள் போகக் கூடாது. கடைசியாகக் காய்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். சில நிமிடம் காற்றாட விட்டு, அப்புறம் கட்டிவிடுங்கள்.

தோல் ஏன் சிவக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கடைசி வேலையின் அருமை புரியும். குழந்தையின் தோல் பிறந்த சில வாரங்களில் லேசான அமிலத் தன்மைக்கு வருகிறது. அதுதான் அதற்குக் காப்பு. சிறுநீரும் மலமும் கலந்து அதிக நேரம் நின்றால், மலத்திலுள்ள பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். தோல் காரத் தன்மைக்குப் போகும். அந்த நிலையில் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் வேகம் பிடித்துத் தோலை அரிக்கத் தொடங்கும். சோப்பும் காரம்தான், ஒவ்வொரு மாற்றலுக்கும் சோப்புப் போட்டால் நாமே அந்த அரிப்புக்கு உதவி செய்கிறோம். சீக்கிரம் மாற்றுவது, சோப்பில்லாமல் கழுவுவது, ஈரமில்லாமல் வைப்பது: இந்த மூன்றுக்கும் மேலான வைப்ஸ் எந்தக் கடையிலும் இல்லை.

சேர்க்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டீ ட்ரீ, லாவண்டர், யூகலிப்டஸ் போன்ற வாசனை எண்ணெய்கள் பெரியவர்களுக்கே எரிச்சல் தரக்கூடியவை. கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலைப் புண்ணாக்கும். கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் நம் வீடுகளில் சளிக்குத் தடவும் வழக்கம் உண்டு. கற்பூரம் உடம்பில் ஏறினால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரலாம், புண்பட்ட தோல் வழியாக இன்னும் எளிதாக ஏறும். போரிக் பவுடர் வேண்டவே வேண்டாம். டால்கம் பவுடரின் தூள் மூச்சில் போகும், மடிப்பில் கட்டியாகி உறுத்தும். அன்பினால் சேர்க்கிற பொருளும் தீங்கு செய்யலாம். பாட்டி தாத்தாக்கள் இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிவப்பு இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, மடிப்பில் அடர்ந்த சிவப்பும் சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகளும் தெரிகின்றன, கொப்பளமோ சீழோ இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மடிப்புச் சிவப்பும் பொட்டுகளும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனித் துவைப்பது. வைப்ஸை விட்டுத் துணிக்கு வர எல்லாரும் தயங்குவது இங்கேதான். மலத்தைக் கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் கொண்டு அலசிவிட்டு, துணியை மூடியுள்ள தனி வாளியில் போடுங்கள். அன்றைய துணியை அன்றே சூடான தண்ணீரில் துவைத்துவிடுங்கள். நம் உவர்த் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது; அதன் படிவு இழைக்குள் தங்கித் துணியை விறைக்கவைக்கும், அந்த விறைப்பே குழந்தையின் தோலை உரசும். வாசனையில்லாத திரவ டிடர்ஜென்ட்டைக் குறைவாகப் போட்டு இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்ய முடிந்தால் துணி மெத்தென்று இருக்கும். கிருமிநாசினி திரவமும், துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். இரண்டும் துணியில் தங்கித் தோலில் ஏறும். வெயிலில் நன்றாக உலர்வதே பெரிய சுத்திகரிப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. அப்போது மின்விசிறியில் உலர்த்தி, சூடாக இஸ்திரி போட்டு, மூடியுள்ள டப்பாவில் அடுக்குங்கள். ஈரம் ஒட்டியிருக்கும் துணியை மடித்து வைத்தால் நாம் தவிர்க்க நினைத்த அதே டப்பாவைத்தான் மறுபடியும் செய்தவர்களாவோம்.

துவைப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பிரசவித்த உடம்போடு இருப்பவள் தலையில் இதைச் சுமத்தாதீர்கள். அப்பாக்களே, இது உங்கள் வேலையாக இருக்கட்டும். ஒரு வாளித் துணிக்கு அரைமணி நேரம் போதும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் குழந்தையின் மலத்துணியைத் தள்ளிவிடாதீர்கள்.

பயணத்துக்கும் வழி இருக்கிறது. ஊருக்குப் போக வண்டலூர் சாலை வழியாகக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பும்போதும், மொட்டையடிக்கத் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போகும்போதும், காய்ந்த துணிகள் ஒரு பையில், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு சின்னப் பாட்டிலில், அழுக்குத் துணிக்கு ஜிப் வைத்த ஒரு பை. அங்கேயே நனைத்து, அங்கேயே துடைத்துவிடலாம். தண்ணீர் பாட்டிலை அன்றன்றைக்குப் புதிதாக நிரப்புங்கள். சிறுசேரி சிப்காட்டில் வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 26 வார விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கொண்டுவந்தது. அந்தக் காப்பகத்தில் உங்கள் பிள்ளைக்குத் துணியையும் தண்ணீரையும் பயன்படுத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சில நாள் கடை வைப்ஸ் தேவைப்படலாம். பயன்படுத்துங்கள், ஆனால் கழிப்பறையில் மட்டும் போடாதீர்கள். லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 2017-இல் சாக்கடையை அடைத்த கொழுப்புக் கட்டியின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். சமையல் கொழுப்போடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்தியவற்றில் முக்கியமானது வைப்ஸ். நம் ஊர் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அடுக்ககங்கள் தத்தம் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்கின்றன. தனி வீடுகளுக்கு செப்டிக் டேங்க். வைப்ஸ் கரையாது. கழிவுநீர் மோட்டாரின் இறக்கையில் நார்நாராகச் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். அடைத்த தொட்டிக்குள் இறங்கு என்று யாரோ ஓர் ஏழையிடம் சொல்லப்படுவது அதற்கு அடுத்துத்தான். உள்ளே தேங்கிய நச்சுவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. நம் குழந்தையைத் துடைத்த தாள் இன்னொருவர் வீட்டுக் குழந்தையைத் தகப்பனில்லாமல் ஆக்கக் கூடாது. பயன்படுத்திய வைப்ஸையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி, தனியாகக் குறித்துக் கொடுங்கள். திறந்தபடி போட்டால் குப்பையைத் தரம் பிரிக்கும் கைகள் அதைத் தொட வேண்டிவரும். தப்பிப் பறப்பது பக்கிங்காம் கால்வாயிலும், பூநாரை வந்து மேயும் நம் கழிமுகத்திலும் போய்ச் சேரும்.

அடுக்ககச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று விதி வைத்திருக்கும் குடியிருப்புகள், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு விலக்குக் கொடுங்கள். இல்லையென்றால் மொட்டை மாடியில் ஒரு கொடி கட்டிக்கொடுங்கள். பச்சைக் குழந்தையின் துணி வெயிலில் காய்வதால் எந்தக் கட்டடத்தின் அழகும் குறைந்துவிடாது.

இந்த மடலைப் படித்தவர்கள் இன்றே ஒரு பழைய வேட்டியைத் தேடி எடுங்கள். அலமாரியில் ஈர வைப்ஸ் டப்பா தயாராகி இருந்தால் அதைக் குப்பையில் கொட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டில் பிரசவமாகி வந்திருந்தால், பரிசுப் பெட்டிக்குப் பதிலாக ஓரம் அடித்துத் துவைத்துக் காயவைத்த நாற்பது துண்டுத் துணியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நனைத்து வைக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கேளம்பாக்கத்தில் வாழும் உங்களில் ஒருத்தி